ஒரு மேசைக்கு எத்தனை இலை?



போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு தங்கை என்னிடம் வந்தாள். அவள் மகளுக்குக் கல்யாணம். இங்கே கலூரிலேயே மண்டபம் பேசியிருக்கிறார்கள். மண்டபத்துக்காரர், "வரவேற்புச் சாப்பாட்டுக்கு ஒரு மேசைக்கு எத்தனை பேர்? சொல்லிவிடுங்கள்" என்று கேட்டாராம்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது அக்கா? நெருக்கிப் போட்டால் பந்தி சீக்கிரம் முடியுமே" என்றாள் தங்கை.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அதனால் என்ன ஆனது என்று இன்று சொல்கிறேன். கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்தோம். எர்ணாகுளம் மாவட்டம் பெயர் பெற்ற மாவட்டம். இந்தியாவிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் என்று 1990 பிப்ரவரி 4 அன்று அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஊருக்கு வந்தும், என் மகள் கல்யாணத்தின்போது எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மண்டபத்துச் சீட்டில் கைநாட்டுதான் வைத்தேன்.

அந்தக் கல்யாணத்துக்கு 300 பேர் வந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் 36 மேசைகள். ஒவ்வொன்றும் 6 அடி நீளம். ஒரு பக்கம் மட்டும்தான் நாற்காலி. எதிர்ப் பக்கம் பரிமாறுகிறவர்கள் நடக்க வேண்டும். மேசைக்கு 3 பேர் உட்காருவதுதான் அங்கே வழக்கம்.

சொந்தக்காரர் ஒருவர், "மேசைக்கு 4 இலை போடுங்கள். 144 பேர் உட்காரலாம். இரண்டே பந்தியில் முடித்துவிடலாம்" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

முதல் பந்தி உட்கார்ந்தது. ஓர் இலையின் நுனி அடுத்த இலையின் மேல் ஏறியது. முழங்கையோடு முழங்கை இடித்தது. ஒருவர் ரசத்துக்குக் கை நீட்டினார். பக்கத்தில் இருந்த அம்மாவின் பட்டுச் சேலையில் ரசம் கொட்டியது. பாயசம் வருவதற்குள்ளேயே பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். இலைகளில் சோறு மிச்சம் கிடந்தது.

சரி, இரண்டு பந்தியிலாவது முடிந்ததா? கணக்கைப் பாருங்கள்.

144 + 144 = 288.

வந்தவர்கள் 300 பேர். மீதி 12 பேர். அந்த 12 பேருக்காக மூன்றாவது பந்தி போட வேண்டி வந்தது.

அந்த 12 பேர் யார்? காலையிலிருந்து காய் நறுக்கியவர்கள். தண்ணீர் சுமந்தவர்கள். அவர்களில் என் மூத்த அக்காவும் ஒருத்தி. என்னை வளர்த்தவள் அவள். அவர்கள் உட்கார்ந்தபோது சாம்பார் தீர்ந்துவிட்டது. பாயசமும் இல்லை. அக்கா மோர் ஊற்றிச் சாப்பிட்டாள். "வயிறு நிறைந்தது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பிறகு நான் படிக்க வந்தேன். வகுத்தல் கணக்குக் கற்ற அன்று முதலில் போட்டுப் பார்த்தது இந்தக் கணக்கைத்தான். மேசைக்கு 3 பேர் என்றால் 36 மேசைக்கு 108 பேர். 300 பேருக்கு மூன்று பந்தி. பந்திக்கு 100 பேர். எட்டு நாற்காலி காலியாகக்கூட இருந்திருக்கும். நெருக்கியபோதும் மூன்று பந்தி. நெருக்காமல் இருந்தாலும் மூன்று பந்திதான். நான் நெருக்கியதில் யாருக்கும் லாபம் இல்லை.

அதனால், மேசைக்கு எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். நம் வீடுகளில் அளவு நாடா உண்டு. கொத்தனார் வீட்டிலும் தையல்காரர் வீட்டிலும் கேட்கவே வேண்டாம்.

ஒருவர் கை இடிக்காமல் சாப்பிட 2 அடி இடம் வேண்டும். 2 அடி என்றால் 24 அங்குலம். தலைவாழை இலை போடுவதாக இருந்தால் இதற்குக் குறைக்கவே கூடாது. 6 அடி மேசையில் ஒரு பக்கத்துக்கு 3 பேர். 8 அடி மேசை என்றால் 4 பேர். நாற்காலிக்குப் பின்னாலும் வழி வேண்டும். வயதானவர்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளித்தான் எழுந்திருப்பார்கள்.

இப்போது பல மண்டபங்களில் வட்ட மேசை போடுகிறார்கள். அதற்கு என்ன கணக்கு? ஒரு நூலை எடுத்து மேசையின் விளிம்பைச் சுற்றிப் பிடியுங்கள். பிறகு நூலை அளந்து பாருங்கள். நடுவில் 5 அடி அகலம் உள்ள வட்ட மேசையைச் சுற்றினால் சுமார் 15 அடி 8 அங்குலம் வரும். 8 பேர் உட்கார்ந்தால் ஒருவருக்கு ஏறக்குறைய 2 அடி கிடைக்கும். அதே மேசையில் 10 பேரை வைத்தால் ஒருவருக்குச் சுமார் 19 அங்குலம்தான். இடிக்கும். 10 பேர் ஒன்றாக உட்கார வேண்டும் என்றால் 6 அடி அகல மேசை கேளுங்கள்.

ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர்கள் கல்யாண விருந்துக்கு 10 பேர் வட்ட மேசை போடுவது உண்டு. இலங்கை முஸ்லிம் மக்கள் கல்யாணங்களில் சஹன் என்ற பெரிய தட்டில் சோறு வைப்பார்கள். ஒரு சஹனைச் சுற்றி 6 பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அங்கே எத்தனை பேர் என்பதைத் தட்டின் அளவு சொல்கிறது. நமக்கு மேசையின் அளவு சொல்கிறது.

ஆனால் அளந்து முடித்ததும் வேலை முடிந்துவிடாது. இன்னொரு கேள்வி உண்டு. யாரை முதலில் உட்கார வைப்பது? யாரைக் கடைசியில் விடுவது?

இந்தக் கேள்வி இந்த மண்ணுக்குப் புதிது அல்ல. எர்ணாகுளத்துக்கு எதிரே வைப்பின் தீவு இருக்கிறது. அந்தத் தீவில் செராய் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர் சகோதரன் அய்யப்பன். அந்தக் காலத்தில் ஒரு சாதிக்காரர் இன்னொரு சாதிக்காரரோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார். அய்யப்பன் ஈழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1917 மே 29 அன்று அவர் ஈழவர்களையும் புலையர்களையும் செராயில் ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பிடச் செய்தார். அவருடைய சொந்தச் சாதியாரே அவரை ஒதுக்கினார்கள். 'புலையன் அய்யப்பன்' என்று கேலி செய்தார்கள். அவர் அந்தப் பெயரைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். பின்னாளில் மந்திரியாகவும் இருந்தார்.

பக்கத்தில் யார் உட்காருவது என்பதற்காக அவ்வளவு பெரிய போராட்டம் நடந்த இடம் இது. நம் வீட்டுக் கல்யாணத்தில் உழைத்தவர்களைக் கடைசிப் பந்தியில், காலிப் பாத்திரத்துக்கு முன்னால் உட்கார வைக்கலாமா?

என் மகன் கல்யாண வரவேற்பு வந்தது. இந்த முறை நானே ஒரு நோட்டு வாங்கினேன். வீடு வீடாகப் பெயர் எழுதினேன். பக்கத்தில் எண்ணிக்கை எழுதினேன். மொத்தம் 240 பேர் வந்தது. சமைப்பவர், பரிமாறுபவர், பாத்திரம் கழுவுபவர் என்று 14 பேர். அவர்களையும் சேர்த்து 254 இலை.

மண்டபத்தில் 30 மேசைகள். மேசைக்கு 3 பேர். ஒரு பந்திக்கு 90 பேர் உட்காரலாம். 254ஐ 90ஆல் வகுத்தேன். இரண்டு பந்தி போக 74 பேர் மீதி. ஆகவே மூன்று பந்தி. மூன்றாகப் பிரித்தால் பந்திக்கு 85 பேர் போதும். நெருக்கடியே இல்லை.

முதல் பந்தியில் வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், தூரத்து ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் உட்கார்ந்தார்கள். காய் நறுக்கியவர்கள் இரண்டாம் பந்தியில் எல்லோரோடும் கலந்து உட்கார்ந்தார்கள். நாங்கள் வீட்டுக்காரர்கள் மூன்றாம் பந்தி. பரிமாறியவர்களும் எங்களோடு உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நாங்களே பரிமாறிவிட்டுப் பிறகு உட்கார்ந்தோம். கடைசிப் பந்திக்கு என்று சாம்பாரும் பாயசமும் முன்கூட்டியே எடுத்து மூடி வைத்திருந்தேன்.

என் அக்கா முதல் பந்தியில் உட்கார்ந்தாள். "எனக்கு வேலை இருக்கிறதே" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. பாயசம் இரண்டு தடவை வாங்கினாள்.

தங்கையே, உனக்கு என் பதில் இதுதான். நாளைக்கு மண்டபத்துக்குப் போ. நாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு போ. மேசையை அள. எத்தனை மேசை என்று எண்ணு. வருகிறவர்களின் பெயர்களை எழுது. வேலை செய்பவர்களின் பெயர்களையும் எழுது. பிறகு வகுத்துப் பார். விடை வந்த பிறகு மண்டபத்துச் சீட்டைப் படித்துப் பார்த்து, உன் கையால் கையெழுத்துப் போடு.

மற்றவர்களுக்கும் ஒரு கணக்குத் தருகிறேன். ஒரு மண்டபத்தில் 6 அடி நீள மேசைகள் 20 இருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் நாற்காலி. விருந்துக்கு 170 பேர். வேலை செய்பவர்கள் 10 பேர். எத்தனை பந்தி வேண்டும்? வீட்டில் போட்டுப் பார்த்து அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.