மன்னார்த் தீவில் நான்கு நாட்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"ஃபாரின் டூர் போய்ட்டு வந்தியாமே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு" என்று சங்கத்தில் சொன்னார்கள். ஸ்விட்சர்லாந்து, சிங்கப்பூர் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். குடும்பத்தோடு நான் போனது இலங்கையின் மன்னார். இந்த குரோம்பேட்டையிலிருந்து அது ஒன்றும் அதிக தூரம் இல்லை, விமானத்தில் போனால்!

நம் எம்.ஐ.டி.க்குப் பக்கத்தில் ஓடும் தண்டவாளத்தில்தான் ஒரு காலத்தில் போட் மெயில் போனது. எழும்பூரில் ஏறி, தாம்பரம் தாண்டி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் பிடித்தால் தலைமன்னார். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் வந்த வசதி இது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போயிற்று. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது ராமேஸ்வரத்துக்கும் தாம்பரத்துக்கும் புது ரயில் விட்டார்கள். பாதி வழி ரெடி. மீதி பாதிக்கு நாங்கள் மீனம்பாக்கத்தில் ஏறி, யாழ்ப்பாணம் பலாலியில் இறங்கி, வேன் பிடித்தோம். பூநகரி வழியாகத் தெற்கே போகும் சாலை. இருபுறமும் பனை, உப்பு நிலம், ஆடு மாடு. நம்ம ராமநாதபுரம் பக்கம் போகிற மாதிரியே இருந்தது.

மன்னார் ஒரு தீவு. பெருநிலத்தோடு இணைக்க ஒரு தாம்போதி இருக்கிறது. அதன் இருபக்கமும் ஆழமில்லாத நீர். அந்தப் பகுதியில்தான் வங்காலை சரணாலயம், 2010 முதல் ராம்சார் பட்டியலில் உள்ளது. நாங்கள் போனது பிப்ரவரி. தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது, உப்பளம் என்று நினைத்தாள் என் மகள். டிரைவர் தம்பி சிரித்துவிட்டு, "அது பூநாரை, அக்கா பிள்ளை. கிட்டப் போனா எழும்பிப் போயிடும். இஞ்சயே நிண்டு பாருங்கோ" என்றார். நின்றோம். ஒன்றரை மணி நேரம் நின்றோம்.

பூநாரை சாப்பிடுவதை எஞ்சினியர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலால் சேற்றைக் கலக்கி, நாக்கை பம்ப் மாதிரி இயக்கி, அலகின் ஓரத்துத் தகடுகளில் வடிகட்டித் தின்கிறது. தின்னும் பாசியிலும் சிறு இறாலிலும் உள்ள நிறமிதான் அதற்கு ரோஸ் நிறம் தருவது. பக்கத்தில் ஊசிவால் வாத்துகள், உள்ளான்கள். வடக்கே குளிர் வந்ததும் இந்தியக் கரையோரமாக இறங்கி வரும் பறவைகள் பலவற்றுக்கு, குறுகிய கடலைத் தாண்டியதும் கிடைக்கும் முதல் தரை இந்த மன்னார்தான்.

பள்ளிமுனையில் பெருக்க மரம் பார்த்தோம். ஆப்பிரிக்க மரம், அரபு வணிகர்கள் கொண்டு வந்ததாகச் சொல்கிறார்கள். டவுன் தெருக்களில் கழுதைகள் நம்ம ஊர் மாடு மாதிரி சுதந்திரமாக உலாவுகின்றன. இதெல்லாம் போட்டோவில் இருக்கிறது, வெளியே மாட்டி வைத்திருக்கிறேன்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. நான் காற்றாலை கியர்பாக்ஸ் செய்து வயிறு வளர்ப்பவன். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020-ல் முப்பது டர்பைன்கள் நிறுவினார்கள், சுமார் நூறு மெகாவாட். இன்னும் பெரிய திட்டமொன்று மன்னாருக்கும் பூநகரிக்குமாக வந்தது. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன, அரசு விலையை மறுபரிசீலிக்க முனைந்தது. 2025 பிப்ரவரியில் அதானி நிறுவனம் விலகிக்கொண்டது. இலங்கை டீசலும் நிலக்கரியும் இறக்குமதி செய்து கஷ்டப்படும் நாடு. 2022-ல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததை நாம் டி.வி.யில் பார்த்தோம். ஆகவே "காற்றாலையே வேண்டாம்" என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் வீட்டில் அடுப்பு எரியாது, அது வேறு விஷயம்!

ஆனால் கணக்கைப் பாருங்கள். அங்கே காற்று பலமாக வீசுவது தென்மேற்குப் பருவத்தில், மே முதல் செப்டம்பர் வரை. வலசைப் பறவைகள் இருப்பது அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. பறவைக் கூட்டம் நெருங்கும்போது ராடாரில் கண்டு டர்பைனை நிறுத்தும் முறை போர்ச்சுகலில் பழக்கத்தில் உள்ளது. குளிர்காலத்தில் அப்படி நிறுத்தினால் நஷ்டம் தாங்கக்கூடியதே. எனக்குக் கவலை டர்பைனைவிடக் கம்பிமேல்தான். பூநாரை பெரும்பாலும் இரவில் இடம் மாறும். டர்பைன் பெரியது, கம்பி மெல்லியது. குஜராத்தின் கட்ச்சிலும் மின்கம்பியில் மோதிப் பூநாரைகள் செத்திருக்கின்றன. தீவிலிருந்து மின்சாரம் வெளியேற அந்த ஆழமில்லா நீரைத்தான் தாண்டியாக வேண்டும். இடத்தைத் தேர்வு செய்யும் மேஜையில் பறவை தெரிந்த ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் பாதி சண்டை வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

நம்ம ஊருக்கு வருகிறேன். வேளச்சேரி-தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் தேசிய காற்று சக்தி நிறுவனம் இருக்கிறது, 1998-ல் தொடங்கியது. அதே பள்ளிக்கரணையில் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம், 1,247 ஹெக்டேர். ஒருபக்கம் குப்பைமேடு, நடுவில் ரேடியல் ரோடு, அதையும் மீறிப் பூநாரை வருகிறது. காற்றும் பறவையும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள், அதுவும் நம் கல்லூரியிலிருந்து அரை மணி நேரத்தில்.

அதனால் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட் தலைப்பு தேடி அலைகிறீர்கள். இரவில் பறவைக்குத் தெரியும்படி கம்பியில் மாட்டும், வெயிலும் உப்புக் காற்றும் தாங்கும் ஒரு மலிவான அடையாளச் சாதனம் செய்யுங்கள். ஏரோவும் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்தால் முடியும். பாகங்களுக்கான செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது, ஏழு பேர் சம்மதித்தாயிற்று. மேடைக்கு இடதுபக்கம் மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது. சாப்பிடப் போகுமுன் பேரும் ரூம் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள்.