சின்ன வீடு, பெரிய குடும்பம்: எந்த லென்ஸ் வாங்கலாம்?

(திண்டிவனம் பகுதிக் குழு உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



கறவை மாடு, தையல் மெஷின்னு கடன் கேட்ட நம்ம குழுக்களில் இப்போ கேமராவுக்கும் கடன் கேக்கறாங்க. சந்தோஷமான விஷயம். பெண்கள் கேமரா பிடிப்பது புதுசும் இல்லை. 1984-லேயே அகமதாபாத்தில் சேவா சங்கத்துப் பெண்கள் வீடியோ எடுக்கக் கத்துக்கிட்டாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் அதில் இருந்தாங்க. வளைகாப்பு, மஞ்சள் நீராட்டுன்னா உள் அறையில் பெண்கள் கூட்டம்தான். அங்கே நம்மைப் போல ஒரு பெண் கேமராவோடு நின்னா யாருக்கும் கூச்சம் இருக்காது. இது நமக்குள்ள பலம்.

ஆனா அறை சின்னது. முதுகு சுவரில் இடிக்கும், ஓரத்தில் நிக்கிற அத்தை படத்தில் விழமாட்டாங்க. "வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கிடலாமா மேடம்?"னு கேக்கறீங்க. முதலில் கணக்குப் பார்ப்போம்.

கேனான் ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமராவோடு 18-55 லென்ஸ் வரும். 18-ல் வச்சு ஆறு அடி தூரத்தில் நின்னா சுமார் ஏழரை அடி அகலம் படத்தில் அடங்கும். 10 மி.மீ. லென்ஸில் அதே இடத்தில் 13 அடி அடங்கும். வித்தியாசம் பெரிசுதான். ஆனா செஞ்சிக்கோட்டை மாதிரி வெளியிடத்தில் அஞ்சு அடி பின்னாடி போனா போதும், புது லென்ஸ் தேவையில்லை.

அதனால் கடைசியா எடுத்த பத்து விசேஷப் படங்களைப் பாருங்க. படத்தின் விவரத்தில் எத்தனை மி.மீ.-ல் எடுத்ததுன்னு இருக்கும். பெரும்பாலும் 18-லேயே நின்னு, அப்பவும் ஆட்கள் வெட்டுப்பட்டிருந்தா லென்ஸ் தேவை. இல்லைன்னா அந்தப் பணத்தில் ஒரு வெளி ஃபிளாஷ் வாங்குங்க.

குறைந்த விலையில் பார்க்க வேண்டியவை இவை. கேனான் டி.எஸ்.எல்.ஆர்.-க்கு 2014-ல் வந்த இஎஃப்-எஸ் 10-18. நிக்கானுக்கு 2017-ல் வந்த ஏஎஃப்-பி 10-20. நிக்கான் டி3100 போன்ற பழைய கேமராவில் இது ஃபோகஸ் ஆகாது. கேனான் ஆர்50, ஆர்100 வச்சிருக்கறவங்களுக்கு 2023-ல் வந்த ஆர்எஃப்-எஸ் 10-18 தனி. கேமராவைக் கையோடு கொண்டு போய் மாட்டிப் பார்க்காம பணம் கொடுக்காதீங்க. லென்ஸ் முன்னாடி திருகி மாட்டுற மலிவுக் கண்ணாடி வேண்டாம். ஓரமெல்லாம் மங்கிப் போகும்.

பழைய லென்ஸ் வாங்கினா டார்ச் அடிச்சு உள்ளே பாருங்க. சிலந்தி நூல் மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, விட்டுடுங்க.

இன்னொரு விஷயம். இந்த லென்ஸில் ஓரத்தில் நிக்கிறவங்க முகம் இழுத்த மாதிரி அகலமாத் தெரியும். பெரியவங்களை நடுவில் நிறுத்துங்க, ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுங்க. பொண்ணு முகத்தைக் கிட்டே எடுக்க பழைய 18-55 தான் நல்லது. கேமராவிலேயே இருக்கற ஃபிளாஷ் 10 மி.மீ. அகலத்துக்கு எட்டாது, ஓரம் இருட்டாகும்.

இப்போ கடன். 12,000 ரூபாய் உள்கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, 12 தவணைன்னு வச்சுக்குவோம். முதல் மாதம் அசல் 1,000, வட்டி 120, ஆக 1,120 ரூபாய். மாதாமாதம் வட்டி குறையும், மொத்த வட்டி 780. இந்த லென்ஸால் மாதம் ரெண்டு விசேஷம் கூடுதலாக் கிடைச்சு, செலவு போக தலா 600 மிஞ்சினாத்தான் தவணை தாங்கும். ஆடி, மார்கழியில் விசேஷம் குறைவு, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. கணக்கு தாங்கலைன்னா முதலில் தெரிஞ்ச ஸ்டுடியோவில் நாள் வாடகைக்குக் கேட்டு ரெண்டு விசேஷம் எடுத்துப் பாருங்க.

நம்ம சேமிப்பு பத்தும் இருபதுமாச் சேர்ந்த பணம். கடைக்காரர் சொன்னார், பக்கத்து ஸ்டுடியோவில் இருக்குன்னு வாங்காதீங்க. மூணு பேர் கேமரா வச்சிருந்து, மூணும் ஒரே கம்பெனி, ஒரே வகைன்னா ஒரு லென்ஸைக் குழுவாகவே வாங்கி, யார் எந்தத் தேதியில் எடுத்துப் போறாங்கன்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்க.