இருப்புப்பாதையில் நடந்த கால்கள்



1956 நவம்பர் 23 விடியற்காலையில், அரியலூர், திருவரங்கம் வழியே திருச்சிக்கு வரவேண்டிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்துள் வீழ்ந்தது. மாண்டோர் 140 பேருக்கும் மேல். அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்ததை நாடு இன்றும் பேசுகிறது. மழையிரவுகளில் பாதையைக் காத்து நடப்போரைப் பற்றி எவர் பேசினர்?

நம் தந்தையருள் பலர் அப்பணி செய்தோரே. கீமேன் சுத்தியலும் ஸ்பேனரும் சுமந்து, நாள்தோறும் தம் எல்லை முழுதும் நடப்பார், தளர்ந்த போல்ட்டுகளை இறுக்குவார், விரிசலைத் தேடுவார். மழைக்காலத்திலோ இரவு ரோந்து. பாதை அரிக்கப்பட்டிருக்கக் கண்டால், அகலப்பாதையில் 600 மீட்டர் தொலைவில் ஒரு வெடியும், 1200 மீட்டரில் மூன்று வெடிகளும் தண்டவாளத்தின்மீது பொருத்தவேண்டும். சக்கரம் ஏறியதும் அவை வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும். கொட்டும் மழையில், சல்லிக்கல்மேல், இருளில் 1200 மீட்டர் ஓடுவது விதிநூலில் மட்டுமே எளிது!

இன்று தண்டவாளத்தின் உள்விரிசலை அல்ட்ராசானிக் கருவி காட்டுகிறது. பாலத்தடியில் மண் கரைவதை அது காட்டாது. அதற்குக் கண்ணும் காலும் வேண்டும். அக்கருவியை இயக்குவோராகவும், பாதைப் பொறியாளராகவும் நம் பிள்ளைகள் அமரவேண்டும் என்றே படிப்பை வற்புறுத்துகிறோம்.

விண்ணப்பப் படிவத்தில் தந்தையின் தொழில் 'கூலி' என்றெழுதிய மாணவர் ஒருவரை அறிவோம். அத்தந்தையோ பல மழைக்காலங்கள் கொள்ளிடக் கரையில் இரவு ரோந்து நடந்தவர். வேறு படிவம் கொடுத்து, மீண்டும் எழுதச் சொன்னோம்.