பாட்டுக் கேட்டோர் கடமை

(தாங்கள் நேரில் கேட்ட பாட்டுக் கச்சேரிகளின் ஞாபகங்களைச் சொல்லுவதற்காகப் போடிநாயக்கனூரில் ரசிகர்கள் கூடிய கூட்டத்தில், முடிவுரையாக நாம் பேசியது.)

தலைவரவர்களே! தாய்மார்களே! தோழர்களே!

இன்று மாலை நாலு மணி முதல் இங்கு உட்கார்ந்து, நமக்கு முன் பேசிய தோழர்கள் சொன்னவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தோம். வயது சென்ற பெரியவர்கள், சிறு பிள்ளைகளாயிருந்த காலத்தில் பாவலர் வரதராசன் அவர்களின் பாட்டுக் கோஷ்டியைக் கேட்டதைப் பற்றிச் சொன்னார்கள். வாலிபத் தோழர்கள், சென்னைக்குப் போய் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழுவைக் கேட்டதைப் பற்றிச் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையில் அறுபது வருஷம் இருக்கின்றது. ஆனாலும் இரு திறத்தாரும் சொன்ன சங்கதி ஒன்றாகவே நமக்குப் பட்டது. அதைப் பற்றியே நாம் பேச நினைக்கின்றோம்.

தோழர்களே! பாவலர் வரதராசன் அந்நியரல்ல. தேவாரத்தைத் தாண்டினால் வருகின்ற பண்ணைப்புரத்துக்காரர். 1956-இல் மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தபோது, தமிழ்த் தொழிலாளிகள் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்க்கப்பட்டன. 1957 தேர்தலில் தேவிகுளத்தில் கம்யூனிஸ்டு கட்சியின் ரோசம்மா புன்னூஸ் அம்மையார் ஜெயித்தார். எதிர் அபேட்சகருடைய நியமன மனுவைத் தள்ளியது தப்பென்று அந்தத் தேர்தல் ரத்தாகி, 1958-இல் மறுபடியும் தேர்தல் வந்தது. அந்தத் தேர்தலிலே பாவலர் கோஷ்டி மலையேறிப் போய்த் தேயிலைத் தோட்டங்களில் பாடிற்று. அம்மையாரே மறுபடியும் ஜெயித்தார். அக்கட்சியின் கொள்கை சரியா தப்பா என்று வாதிக்க நாம் இங்கு வரவில்லை. எழுத்து வாசனையில்லாத கூலி ஜனங்களிடம், அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் சினிமா மெட்டையும் நாட்டுப்புற மெட்டையும் எடுத்து, அதில் கூலியையும் வயிற்றையும் பற்றிய சொற்களை வைத்துப் பாடினார் என்பதே நமக்கு முக்கியம்.

அந்தக் கோஷ்டியில் பதினாலு வயதில் சேர்ந்த தம்பிதான் இளையராஜா அவர்கள். 1968-இல் சென்னைக்குப் போய், 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் அவர் பெயர் பெற்ற கதை உங்களுக்கெல்லாம் தெரியும். தம்பியின் பாட்டு உலகமெல்லாம் கேட்கின்றது. அண்ணனின் பாட்டோ, நேரில் கேட்டவர்களின் காதிலேதான் பெரும்பாலும் தங்கியிருக்கின்றது. ஆகவே இப்பெரியவர்கள் பேசுவதை வீண் பேச்சு என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. அவர்கள் போய்விட்டால் அந்தக் கச்சேரியும் அவர்களோடு போய்விடும்.

இது நம் தேசத்தில் மாத்திரம் உள்ளதல்ல. மேல்நாட்டில் 1970-களில் 'பங்க்' என்றொரு பாட்டு முறை கிளம்பிற்று. கிதாரில் இரண்டு மூன்று பிடி தெரிந்தால் போதும், சொல்ல வேண்டியது இருந்தால் மேடையேறிச் சொல்லு என்பதே அதன் தத்துவம். 1982-இல் லண்டனில் 'போக்ஸ்' என்னும் கோஷ்டியார், அயர்லாந்து ஜனங்களின் நாடோடிப் பாட்டை இந்த முறையோடு கலந்து பாடத் தொடங்கினார்கள். 1975-இல் பர்மிங்காம் நகரத்து வெடிகுண்டு வழக்கில் ஆறு அயர்லாந்துக்காரர்களுக்கு ஆயுள் தண்டனை விதித்திருந்தார்கள். அவர்களுக்காக அக்கோஷ்டி பாடிய பாட்டை ஒலிபரப்பக் கூடாதென்று 1988-இல் அதிகாரிகள் தடுத்தார்கள். 1991-இல் அந்த ஆறு பேரின் தண்டனையும் செல்லாதென்று அப்பீல் கோர்ட்டே விடுதலை செய்தது. அதிகாரிகளைவிடப் பாட்டுக்காரர்களே நியாயத்தின் பக்கம் நின்றார்கள் என்பது அதனால் விளங்கவில்லையா?

இனி, வாலிபத் தோழர்கள் சொன்ன குழுவுக்கு வருவோம். 2018 ஜனவரி 6-ந் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் அவர்கள் முதன்முதல் பாடினார்கள். சினிமா டைரக்டர் பா. இரஞ்சித் அவர்களின் நீலம் அமைப்பும், தென்மா என்னும் சங்கீதக்காரரும் சேர்ந்து உண்டாக்கிய குழு அது. மொத்தம் 19 பேர். அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சொல்லிய 'ஜாதி பேதமற்ற தமிழர்' என்பதிலிருந்துதான் அந்தப் பெயரை எடுத்தார்கள். பறை ஒரு பக்கம், கிதார் ஒரு பக்கம், சென்னைக் கானா ஒரு பக்கம். செத்த வீட்டில் பாடுகிறது, குப்பத்தில் பாடுகிறது என்று ஒதுக்கப்பட்ட கானாவை நடுமேடையில் வைத்தார்கள். அதையும் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு செய்தார்கள். அந்தக் கோட்டைப் பார்த்தபோது நமக்கு டாக்டர் அம்பேத்கரின் ஞாபகமே வந்தது.

அந்தக் கோட்டுக்கு ஒரு பூர்வ கதையும் உண்டு. 1930-ஐ ஒட்டிச் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கலியாண ஊர்வலத்திலே, நாதசுரக்காரர் சிவக்கொழுந்து அவர்கள் தோளில் துண்டு போட்டிருந்தார். அதை எடுக்க வேண்டுமென்று சிலர் தகராறு செய்தார்கள். அங்கிருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி அவர்கள் குறுக்கே நின்று, துண்டை எடுக்க வேண்டாம் என்றார். வாசிப்பு வேண்டும், வாசிக்கிறவன் தோளில் துண்டு கூடாது! இதுதான் நம் நாட்டுச் சங்கீத ரசனையின் யோக்கியதையாக இருந்தது. துண்டுக்குப் போராடிய இடத்திலிருந்து கோட்டு வரையில் வந்திருக்கின்றோம். வந்தது மெய்தான். ஆனால் எவ்வளவு தூரம் என்று அளந்து பார்க்க வேண்டாமா?

இங்கு பேசிய பெரியவர் ஒருவர், தேவிகுளம் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்து வாசலில் தம் தகப்பனார் தோளில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டதைச் சொன்னார். பாவலர் வாய் திறந்ததும் கொட்டிக்கொண்டிருந்த மழை டக்கென்று நின்றுவிட்டது என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். பெரியவர் நம்மை மன்னிக்க வேண்டும். மழை பாட்டுக்கு நிற்காது. மேகம் தீர்ந்தால் நிற்கும், காற்று தள்ளினால் நிற்கும். இன்னும் ஐம்பது வருஷம் இப்படியே சொல்லிக்கொண்டு போனால், பண்ணைப்புரத்தில் மழை நிறுத்திய பாவலர் கோவில் என்று ஒன்றைக் கட்டி, உண்டியலும் வைத்துவிடுவார்கள். அந்தப் பெரியவரே தமது பேச்சில் இன்னொன்றும் சொன்னார். வீடு வந்ததும் தகப்பனாருடைய கம்பளியைப் பிழிந்து போட்டார்களாம். மழை நின்றிருந்தால் கம்பளியை ஏன் பிழிந்தார்கள்? ஆகவே மழை நிற்கவில்லை, தோழர்களே! மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டிய கூலி ஜனங்கள், நனைந்துகொண்டே நின்று கேட்டார்கள். நமக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகின்றது.

அப்படி நின்றவர்கள் பக்கத்தில் நிற்பவன் யார் என்று கேட்டார்களா? பெரியவர் சொன்னார், ஒரே கம்பளிக்குள் மூன்று பேர் தலையை விட்டுக்கொண்டு நின்றார்களென்று. கீழ்ப்பாக்கத்துக்குப் போன தோழரும் அதையேதான் சொன்னார். முன்பின் தெரியாத ஒருவன் தோளில் கை போட்டு ஆடினேன், அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது என்றார். இரு திறத்தாரும் சொன்ன ஒரே சங்கதி இதுதான். பாட்டு நடந்த அந்த இரண்டு மூன்று மணி நேரம் ஜாதி என்பது அங்கு வேலை செய்யவில்லை. பாட்டு முடிந்த பிறகு என்ன ஆயிற்று என்பதை மாத்திரம் ஒருவரும் சொல்லவில்லை. அதை நாம் சொல்லுகிறோம்.

நாமும் அன்று கீழ்ப்பாக்கத்தில் இருந்தோம். பறை அடித்தபோது நாமும் கத்தினோம், கை சிவக்கத் தட்டினோம். அப்போது போடிக்கு ரயில் கிடையாது. அகலப் பாதை வேலைக்காக 2010 கடைசியில் நிறுத்திய வண்டி 2023-இல்தான் திரும்ப வந்தது. ஆகவே மறுநாள் பஸ் ஏறி, ராத்திரி முழுவதும் உட்கார்ந்து, விடியற்காலம் நமது கிராமத்தில் இறங்கினோம். நேரே டீக்கடைக்குப் போனோம். அங்கே ஒருவர் வெளியில் நின்றுகொண்டிருந்தார். அவர் நமது பாட்டனார் சாவுக்குப் பறை அடித்தவர். நம் தகப்பனார் வயதுடையவர். ஆனாலும் நமது தெருப் பொடியன்கள்கூட அவரை 'வா, போ' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்காரர் நமக்குக் கண்ணாடித் தம்ளரில் டீ கொடுத்தார். அவருக்குக் காகிதக் கப்பில் கொடுத்தார். நாம் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தோம். அவர் வேப்ப மரத்தடியில் நின்று குடித்தார். கப்பைக் கசக்கி எறிந்துவிட்டுப் போனார். கீழ்ப்பாக்கத்தில் பறைக்குக் கை தட்டிய அதே கையில்தான் அந்தத் தம்ளர் இருந்தது. நாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதைச் சொல்ல நமக்கு வெட்கமாகத்தான் இருக்கின்றது. 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது விதி தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955-இலும் 1989-இலும் அதற்குத் தண்டனைச் சட்டங்களும் வந்தன. இரட்டைத் தம்ளர் வைத்தால் கேஸ் வரும் என்று கடைக்காரருக்குத் தெரியும். ஆகவே ஒரு தம்ளரை எடுத்துவிட்டுக் காகிதக் கப்பை வைத்துக்கொண்டார். சுகாதாரம் என்று பெயரும் சொல்லிக்கொண்டார்.

சில மாதம் கழித்துத் தைரியம் வந்து, கடைக்காரரிடம் தனியாய்க் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, எனக்கு என்ன? யாருக்கு வேணாலும் தம்ளரில் ஊற்றிக் கொடுப்பேன். ஊற்றின மறுநாள் நீங்கள் எல்லாரும் அடுத்த கடைக்குப் போய்விடுவீர்கள். என் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது?" என்று கேட்டார். அவர் சொன்னது தம் குற்றத்துக்குச் சமாதானமாகாது. ஆனாலும் அதில் பாதி உண்மை இருக்கின்றது. அந்தக் கப்பை அங்கு வைத்திருப்பது கடைக்காரர் மாத்திரமல்ல, பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கிற நாமும்தான்.

தோழர்களே! பறை அடித்தால் மேடையில் கலை, தெருவில் தீட்டு என்றால் அந்த ரசனைக்கு என்ன பெயர்? சென்னையில் 19 பேருக்குக் கை தட்டி, ஊரில் ஒருவருக்குத் தம்ளர் கொடுக்க முடியாதவன் பாட்டைக் கேட்டானா, சத்தத்தைக் கேட்டானா?

மற்றொரு சங்கதியும் சொல்ல வேண்டும். அக்குழுவில் ஆதியில் பாடிய 19 பேரில் பெண் ஒருவர்தான். அவர் இசைவாணி அவர்கள். 2020-இல் பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. சபரிமலைக்குப் பெண்கள் போவதைப் பற்றி அவர் பாடிய பாட்டுக்காக 2024-இல் அவரைப் பயமுறுத்தினார்கள். பயமுறுத்தியவர்களைக் கண்டிக்கிற நாம் நமது கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டாமா? 'தாய்மார்களே' என்று கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தோம். எண்ணிப் பார்த்தால் நாலு பேர் இருக்கின்றார்கள். விடிவதற்கு முன் ஜீப்பில் நெருக்கிக்கொண்டு போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் நாள் முழுவதும் குனிந்து காய் எடுத்துவிட்டு, இப்போதுதான் இறங்கி வந்து அடுப்புப் பற்ற வைக்கின்றார்கள் மற்றவர்கள். பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்கிறவர்கள் அவர்கள். பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாம்! அடுத்த கூட்டத்தை அவர்களுக்குத் தோதான நேரத்தில், ஜீப் வந்து நிற்கின்ற இடத்துக்கு அருகிலேயே போட வேண்டும்.

ஆகவே நாம் கேட்டுக்கொள்ளுவது மூன்று. முதலாவது, இன்று சொன்ன ஞாபகங்களை எழுதி வையுங்கள். வருஷம், இடம், என்ன வாத்தியம், பக்கத்தில் யார் நின்றார் என்று கண்டதை மாத்திரம் எழுதுங்கள். மழை நின்றதை விட்டுவிட்டுக் கம்பளி பிழிந்ததை எழுதுங்கள். இரண்டாவது, அடுத்த கூட்டத்துக்குச் சுற்றுக் கிராமத்துப் பறைக் கலைஞர்களை அழைத்து, நாற்காலி போட்டு, பேசிய கூலியைக் கையில் கொடுத்து, சாவு இல்லாத ஒரு நாளில் வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது கொஞ்சம் கஷ்டமானது. அந்த டீக்கடை இன்னும் அங்கேயேதான் இருக்கின்றது. காகிதக் கப்பும் இருக்கின்றது. அங்கே டீ குடிக்கிறவர்கள் ஆறேழு பேர் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருப்பது நமக்குத் தெரியும். அந்தப் பெரியவரிடம் இன்று காலை போய்ப் பேசிவிட்டே இங்கு வந்தோம். "நீங்கள் இருந்தால் உட்காருகிறேன், எழுந்து போய்விட மாட்டீர்களே?" என்று கேட்டார். நாளைக் காலை ஆறு மணிக்கு அவரோடு பெஞ்சில் உட்காரப் போகின்றோம். எல்லாருக்கும் ஒரே தம்ளரில் டீ கேட்போம். கடைக்காரருக்கு நஷ்டம் வராமல், அடுத்த கடைக்குப் போகாமல், தினமும் வருவோம் என்றும் சொல்லப் போகின்றோம்.

கச்சேரியில் முன்பின் தெரியாதவன் தோளில் கை போட்டு நின்றோம் என்று இன்று பெருமையாய்ச் சொன்ன தோழர்கள், தெரிந்தவர் பக்கத்தில் உட்கார நாளைக்கு வர வேண்டும். ஆறு மணிக்கு ஆறு பேர் வந்தாலும் போதும் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.