ராம நாடகத்தில் இருவர் பாடினால்...
(பெங்களூர் கிளையின் ஸ்ரீராம நவமி கூட்டத்தில் ஆற்றிய உரை)

அடியேன் சங்கீத வித்வான் அல்ல. பௌதிகம் படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். 1939ல் தொடங்கிய சாமராஜபேட்டை ராமோத்ஸவக் கச்சேரிகளைப் பல வருஷம் கேட்ட கேள்வி ஞானம்தான் மூலதனம்.

போன வருஷம் நம் கிளையில் ஒரு தம்பதி 'யாரோ இவர் யாரோ' பாடினார்கள். "ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடினால் சினிமா டூயட் மாதிரி இருக்கிறதே" என்று சிலர் முணுமுணுத்தார்கள். அதற்கான பதிலே இந்த உரை.

அந்தப் பாட்டு தனிக் கீர்த்தனை அல்ல. ஒரு இசை நாடகத்தின் பகுதி. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711-1779) இயற்றி, ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்றியது ராம நாடகம். இசையமைக்க உதவியவர்கள் அவருடைய சிஷ்யர்களான சட்டநாதபுரம் வெங்கடராமய்யரும் கோதண்டராமய்யரும். பிற்காலத்தில் டி.கே. பட்டம்மாள் இந்தப் பாட்டைப் பைரவியில் பாடிப் பிரபலப்படுத்தினார். கச்சேரி மேடைக்கு வந்ததில் பாட்டு பிழைத்தது, பாத்திரம் மறைந்தது. யார் யாரைப் பார்த்துப் பாடுகிறார் என்பதே பலருக்குத் தெரியவில்லை.

மிதிலையில் வில்லை முறிப்பதற்கு முன்பே ராமனும் சீதையும் ஒருவரை ஒருவர் பார்ப்பது வால்மீகியில் இல்லை. அது கம்பன் தந்தது. கவிராயர் கம்பனைப் பின்பற்றினார். கன்னிமாடத்தில் நிற்பவரைப் பற்றி அனுபல்லவி பேசுவதால், பாடுபவன் ராமன். ஆனால் பல்லவியில் உள்ள 'இவர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். இருவர் மனதிலும் ஒரே சமயத்தில் எழும் கேள்வி அது. ஆகவே பல்லவியை இருவரும் சேர்ந்து பாடுவது காட்சிக்கு ஏற்றதே.

பிறகு ஏன் ஆண்-பெண் ஜோடிகள் அரிது? ஆலத்தூர் சகோதரர்கள், ராதா-ஜெயலக்ஷ்மி, பம்பாய் சகோதரிகள் என்று ஒரே குரல் வகை ஜோடிகள்தானே அதிகம்? காரணம் பௌதிகம். ஆணின் வழக்கமான ஒரு கட்டையில் ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். பெண்ணின் ஐந்து கட்டையில் சுமார் 196. விகிதம் 2:3, அதாவது ஒரு பஞ்சம தூரம். நம் தம்பதி நடுவாக மூன்று கட்டை வைத்துக்கொண்டார்கள். அவர் நான்கு அரை ஸ்வரம் மேலே ஏற வேண்டும். அந்த அம்மாள் மூன்று அரை ஸ்வரம் கீழே இறங்க வேண்டும். பைரவியின் தார காந்தாரம் அவருக்கு, ஒரு கட்டையில் தார பஞ்சமத்தைத் தொடுவதற்குச் சமம்!

மேல் ஸ்தாயி அனுபல்லவியை மனைவியிடம் விட்டிருந்தால் சுலபம். அவர் விடவில்லை. அது ராமனின் வாக்கு என்பதால் சங்கதிகளைக் குறைத்துக்கொண்டு தாமே பாடினார். குரல் கொஞ்சம் நடுங்கியது, அர்த்தம் நடுங்கவில்லை.

மேல்நாட்டு ஆபராவிலும் ஜோடிப் பாட்டு உண்டு. பாரிஸில் 1883ல் அரங்கேறிய 'லாக்மே'யில் ஒரு பிராமணப் பூஜாரியின் மகளும் தோழியும் பூப்பறிக்கப் போகும்போது பாடுவது உலகப் பிரசித்தம். அங்கே இரு குரல்களும் வெவ்வேறு ஸ்வரங்களில் இணைந்து செல்லும். நம் முறையில் இருவருக்கும் ஒரே ஸ்வரம். ஆகவே இருவர் என்பதைக் காட்ட, யார் எந்த வரியைப் பாடுவது என்ற பங்கீடு ஒன்றுதான் வழி. அதையும் ஸ்ருதி வசதிக்காக விட்டுவிட்டால் நாடகத்தில் என்ன மிஞ்சும்?

பல ஊர்களில் உள்ள நம் அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஸ்ரீராம நவமிக்கு ராம நாடகத்திலிருந்து ஒரு பாட்டாவது குழந்தைகளைப் பாடச் சொல்லுங்கள். பாடுமுன், இது யார் யாரிடம் சொல்வது என்று அவர்கள் வாயாலேயே இரண்டு வரி சொல்லட்டும். 'கண்டேன் சீதையை' பாடும் குழந்தைக்கு, தான் அப்போது அனுமன் என்று தெரிந்திருக்க வேண்டும். குரல் வளம் பகவான் கொடுப்பது. அர்த்தம் நாம் கொடுக்க வேண்டியது.