தீண்டலும் குறைமாத மகவும்



மக்கட்பேறு அதிகாரத்தில் குழந்தையின் மெய்யோடு வள்ளுவர் இணைத்த 'தீண்டல்', பெற்றோர் எய்தும் இன்பத்தைச் சுட்டியது. (அவ்வினையிலிருந்தே பின்னாளில் 'தீண்டாமை' பிறந்தது, மொழியின் அவலம்.) தீண்டப்படும் மகவு எய்துவது யாது? 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், வெப்பப் பேழைகள் போதாமையால், மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா குறைமாத மகவுகளைத் தாயின் வெற்று மார்பில் அணைத்து வைக்கச் செய்தார். 'கங்காரு பராமரிப்பு' எனப்படும் இம்முறையைப் பிறந்தவுடன் தொடங்கினால், உடல்நிலை சீரான பின் தொடங்குவதைவிட இறப்பு 25 விழுக்காடு குறைவதை, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான உலகச் சுகாதார நிறுவன ஆய்வு காட்டியது.

நம் பேராக் ரப்பர்த் தோட்டங்களிலோ, அன்னையர் விடியுமுன் பால்மரம் சீவச் சென்றனர். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தன. ஆயினும் மாலையில் எண்ணெயிட்டு நீவுதல், உருவுதல், தடவுதல், வருடுதல் எனத் தொடுகைக்கு எத்தனை சொற்கள்! இங்குதான் நாம் கவனம் கொள்ளவேண்டும். ஈப்போவில் ஒரு செவிலியர் 'குழந்தையைத் தொடலாம்' என்று பொதுவாகச் சொன்னால், தோட்டத்துப் பாட்டி உருவத் தொடங்கிவிடுவார். மிக முன்னதாகப் பிறந்த மகவின் தோல் மிக மெல்லியது. உருவுதல் அதற்கு ஆகாது, அசையாத கையணைப்பே ஏற்றது. ஆகவே அங்கே சொல்லவேண்டிய சொல் 'அணைத்து வையுங்கள்' என்பதே.