வளர்ச்சி தாமதித்த குழந்தைகளும் நமது வைத்திய உதவி நிதியும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் உதவி நிதிக் குழுவின் சார்பாக நிகழ்த்திய உபந்நியாசம்)



இவ்வாண்டு நமது நிதிக்கு வந்த மனுக்களுள் ஒன்றைக் குறித்துச் சபையோரிடம் மனம் விட்டுப் பேசவே நாம் எழுந்தோம். மனுதாரரின் சம்மதம் பெற்றே பேசுகின்றோம். அவருடைய மகன் நான்கு வயதாகியும் வாய் திறந்து பேசவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாரான். பொம்மை வண்டியின் சக்கரம் ஒன்றையே பொழுதெல்லாம் சுழற்றிக்கொண்டிருப்பான். வைத்தியர்கள் இதனை ஆட்டிசம் என்றனர். ஒரு தனியார் வைத்தியசாலையார், குழந்தையின் இடுப்பெலும்பினின்று மஜ்ஜையை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல் என்னும் மூல உயிரணுக்களைப் பிரித்து, முதுகுத்தண்டின் வழியே செலுத்தினால் பேச்சு வருமென்று கூறி, ஆறு லட்சம் ரூபாய் கேட்டிருக்கின்றனர். வீட்டை ஈடு வைத்தது போக எஞ்சிய தொகைக்கே மனு. நமது குழு அதனை மறுத்தது. கலியாண மண்டபத்திற்குப் பணமுண்டு, பிள்ளைக்கு இல்லையா என்று சிலர் கேட்டனர். கேட்டது நியாயமே. விடை கூற நாம் கடமைப்பட்டவர்கள்.

முதற்கண் நமது பிழையை ஒப்புக்கொள்கின்றோம். மூன்றாண்டுகளுக்கு முன் இத்தகைய மனுவொன்றிற்கு இக்குழுவே பணம் வழங்கியது. ஆறு மாதத்தில் அக்குழந்தை 'அம்மா' என்றது. நாமும் மகிழ்ந்து, அச்செய்தியை நமது இதழில் வெளியிட்டோம். அதே ஆறு மாதமும் அக்குழந்தை வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி ஆசிரியையிடம் போய்வந்ததையும், நான்கு வயது கடந்து ஐந்தில் அடி வைத்ததையும் நாம் எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டாவது ஊசிக்குப் பணம் சேர்க்க வேண்டுமென்று பெற்றோர் அப்பயிற்சியை நிறுத்திவிட்டனர். ஊசி போடப்பட்டது. புதிய சொல் ஒன்றும் வரவில்லை. இழந்த பயிற்சி நாட்களும் திரும்பவில்லை. இதில் நமக்கும் பங்குண்டு.

குழந்தை தானே வளர்வது. மருந்து கொடுத்த பின் வளர்ந்தால், மருந்தே வளர்த்ததென்று பெற்ற மனம் நம்பும். எத்துணைக்குச் செலவிட்டோமோ அத்துணைக்கு நம்பும். இதற்கு அமெரிக்க தேசத்தில் நடந்ததொன்று நல்ல சான்று. ஸெக்ரிடின் என்பது ஜீரண சம்பந்தமான ஒரு சுரப்பு நீர். வயிற்றுப் பரிசோதனையின்பொருட்டு அதனைப் பெற்ற மூன்று ஆட்டிசக் குழந்தைகள் தேறினரென்று 1998-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. உடனே பெற்றோர் பலர் அம்மருந்தைத் தேடி அலைந்தனர். 1999-இல் 60 குழந்தைகளைக்கொண்டு சோதித்தனர்: ஒரு சாராருக்கு ஸெக்ரிடின், மற்றவருக்கு வெறும் உப்புநீர், யாருக்கு எதுவென்று பெற்றோருக்குத் தெரியாது. இரு சாராரும் ஓரளவு தேறினர், இரண்டிற்கும் பேதமில்லை. இம்முடிவைத் தெரிவித்த பின்னரும் அப்பெற்றோருள் நூற்றுக்கு 69 பேர் அம்மருந்தில் இன்னும் நாட்டமுண்டு என்றனராம். அவர்களை நகைப்பதற்கில்லை. நாம் அச்சிட்ட செய்தியும் அவ்வினத்ததே.

ஸெக்ரிடினால் பெரும்பாலும் காசுதான் போயிற்று. உடலிலுள்ள உலோகங்களை நீக்குவதென்னும் கீலேஷன் சிகிச்சையிலோ, 2005-ஆம் ஆண்டு பென்ஸில்வேனியாவில் ஐந்து வயது ஆட்டிசச் சிறுவன் ஒருவன் இரத்தத்தில் சுண்ணச் சத்துக் குறைந்து உயிரிழந்தான்.

இனி மூல உயிரணுவைப் பற்றி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், இரத்த சம்பந்தமான சில நோய்களுக்கன்றி ஏனையவற்றிற்கு இதனை ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாமென விதிக்கின்றன. ஆட்டிசத்திற்கு இது பரிந்துரைக்கத்தக்கதன்று எனத் தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் தெரிவித்தது. ஆராய்ச்சியாயின், அதில் சேரும் நோயாளியிடம் கட்டணம் வாங்கலாகாது. ஆறு லட்சம் கேட்பவரிடம், இஃது ஆராய்ச்சியா, நிறுவப்பட்ட சிகிச்சையா என்று வினவுங்கள். எவ்விடை கூறினும் அவர் இடர்ப்படுவார்.

பின் என்னதான் செய்வது? முதலில் காதைச் சோதிக்க வேண்டும். செவிப்புலன் குன்றிய பிள்ளையையும் பேசாத பிள்ளையென்றே நாம் எண்ணிவிடுகின்றோம். தைராய்டுச் சுரப்பின் குறையையும் பார்த்தல் நன்று; பிறந்த சில வாரங்களில் கண்டால் மருந்தால் அறிவு வளர்ச்சியைக் காக்கக்கூடிய குறை அது. 'அவன் அப்பனும் ஐந்து வயதில்தான் பேசினான்' என்று வீட்டுப் பெரியோர் சொல்வதைக் கேட்டுக் காலம் கடத்தலாகாது. (இக்குழுவின் பெரியோரும் அப்படிச் சொன்னவர்களே.) 2013-இல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தின் கீழ், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இச்சோதனைகளும் பயிற்சியும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. சான்றிதழ் பெறுவதில் வெட்கமொன்றுமில்லை.

பயிற்சியின் பயனுக்கு வெளிநாட்டை நோக்க வேண்டுவதில்லை. கோவாவிலும் பாகிஸ்தானத்து ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக்கொண்டு நடத்திய ஆராய்ச்சியொன்றின் முடிவு 2016-இல் அச்சேறியது. பயிற்சி அளித்தவர் நிபுணர் அல்லர். பழக்கப்பட்ட சாதாரண ஊழியர்களே. பன்னிரண்டு அமர்வுகளில், பிள்ளை எதை நோக்குகின்றதோ அதனைத் தாமும் நோக்கவும், அது காட்டும் குறிப்பறிந்து மறுமொழி கூறவும் பெற்றோருக்குக் கற்பித்தனர். அக்குழந்தைகள் தாமாகவே பெற்றோரை நாடி உறவாடுதல் மிகுந்தது. ஆட்டிசம் தீர்ந்ததென்று அவர்கள் கூறவில்லை. அவ்வளவு கூறாமையே நமக்கு நம்பிக்கை தருகின்றது.

பயிற்சி இலவசமாயினும் தாயின் நாள் இலவசமன்று. மனுதாரரின் மனைவி தையற்கூலியை விட்டு வாரம் இருமுறை பஸ் ஏறி மாவட்ட மையத்திற்குப் போய்வர வேண்டும். இளைய குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆதலின் அவர் இழக்கும் கூலியையும் வழிச்செலவையும் இரண்டு ஆண்டுகளுக்கு நிதியிலிருந்து மாதந்தோறும் வழங்கலாமென்றும், மூன்றாண்டுகளுக்கு முன் நாம் பிழைபட உதவிய குடும்பத்திற்கும், அவர்கள் விரும்பின், அவ்வாறே செய்யலாமென்றும் குழு தீர்மானம் கொண்டுவந்திருக்கின்றது. முன் வெளியிட்ட செய்திக்குத் திருத்தமும் அடுத்த இதழில் வரும்.

மனுதாரர் இச்சபையில்தான் அமர்ந்திருக்கின்றார். வீட்டுப் பத்திரம் இன்னும் அவர் கையிலேயே உள்ளது. வைத்தியசாலையார் குறித்த தவணை வருகிற திங்கட்கிழமை. அதற்கு முன்னரே அவருக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும். தீர்மானத்தைச் சபையோர் முன் வைத்து அமர்கின்றோம்.